ஜெய்ப்பூர் மாளிகையில் ஒரு பாடம்: கலைக்கூடத்தைப் பார்ப்பது எப்படி?

டில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தியா கேட்டைப் பார்க்காத குடும்பம் ஒன்றுகூட இருக்காது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் மாலை அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், பெரியவர்களுக்கு வேர்க்கடலை, எல்லோருமாக ஒரு புகைப்படம். அத்துடன் வீடு திரும்பிவிடுகிறோம். அதே இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள அறுகோணச் சாலையில், நடுவே குவிமாடம் வைத்த ஓர் அரண்மனை இருக்கிறது. ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று பெயர். தேசிய நவீனக் கலைக்கூடம் அதற்குள்தான் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் உள்ளே போய் வந்திருக்கிறோம்?

இப்படிக் கேட்க எனக்கே தகுதி கிடையாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். திருச்சியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, 37 ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வடக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமான பரோடா ஹவுஸும் இந்தியா கேட் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதுவும் ஒரு மகாராஜாவின் மாளிகைதான். கோப்புகளைச் சுமந்துகொண்டு அந்த அரண்மனைக்கு நூறு முறையாவது போயிருப்பேன். கூப்பிடு தூரத்தில் இருந்த மற்றோர் அரண்மனைக்குள் ஒரு முறைகூட நுழைந்ததில்லை. டிப்ளமா படித்த நமக்கு நவீன ஓவியம் எங்கே புரியப் போகிறது, ஆங்கிலம் பேசும் பெரிய மனிதர்கள் வந்து போகும் இடமாயிற்றே என்ற கூச்சம்தான் காரணம்.

அந்தக் கூச்சத்தை உடைத்தது என் பேத்தி. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, விடுமுறையில் ஓர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு அலுவலகம். அதனால் பொறுப்பு தாத்தாவின் தலையில் விழுந்தது. அவ்வாறு போய்வந்ததில் நான் செய்த தவறுகளையும், பிறகு கற்றுக்கொண்டதையும் மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை செய்த தவறு

கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது நம் நடுத்தரக் குடும்பத்துப் பழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ டிராலியில் ஏறி செக்ஷன் முழுவதையும் ஒரே மூச்சில் சோதனை போடுவதுபோல, அறை அறையாக ஓடினேன். இந்தக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் சுமார் 17,000 படைப்புகள் இருக்கின்றன. ஒரு சமயத்தில் அவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான் காட்சிக்கு வைக்க முடியும். அந்தச் சிறு பகுதியே எங்களைக் களைக்க வைக்கப் போதுமானதாக இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, “என்னம்மா பார்த்தாய்?” என்று கேட்டேன். “நிறைய படம் பார்த்தேன், தாத்தா. கால் வலிக்குது” என்றாள். அவ்வளவுதான்.

வெளியே வந்தபோதுதான் முன்புறப் புல்வெளியில் அந்தச் சிலை என் கண்ணில் பட்டது. நான்கு ஆண்கள் கோவணத்துடன் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்கப் போராடுகிறார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். “அடடே, இது நம் மெரினா கடற்கரை உழைப்பாளர் சிலை அல்லவா! இது எப்படி டில்லிக்கு வந்தது?” என்று உரக்கவே சொல்லிவிட்டேன். டில்லியில் பிறந்து வளர்ந்த என் பேத்தி மெரினாவைப் பார்த்ததில்லை. அவள் கேட்ட கேள்வி வேறு.

“அப்படீன்னா எது ஒரிஜினல், தாத்தா? அங்கே இருக்கிறதா, இங்கே இருக்கிறதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப்போய்தான் இந்தக் கலைக்கூடத்தைப் பார்க்கவே நான் கற்றுக்கொண்டேன்.

அரண்மனைகள் அலுவலகமான கதை

உள்ளே இருப்பதைச் சொல்லுமுன் கட்டடத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1911-இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக ஆங்கிலேய அரசு அறிவித்தது. புது டில்லி 1931-இல் திறந்துவைக்கப்பட்டது. அப்போது சுதேச சமஸ்தானங்களின் மன்னர்கள் தலைநகருக்கு வந்தால் தங்குவதற்கென்று இந்தியா கேட் பகுதியில் ஆளுக்கொரு மாளிகை கட்டிக்கொண்டார்கள். ஹைதராபாத் ஹவுஸ், பரோடா ஹவுஸ், பாட்டியாலா ஹவுஸ், பிகானேர் ஹவுஸ், ஜெய்ப்பூர் ஹவுஸ் எல்லாம் அவ்வாறு எழுந்தவைதாம்.

நாடு விடுதலை பெற்று, சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தபின் இந்த மாளிகைகளுக்குப் புது வேலை கிடைத்தது. ஹைதராபாத் ஹவுஸ் வெளிநாட்டுத் தலைவர்களுடன் பிரதமர் பேச்சு நடத்தும் இடமாயிற்று. பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றமாயிற்று. பரோடா ஹவுஸ் எங்கள் ரயில்வேக்கு வந்தது. பிகானேர் ஹவுஸ் வாசலிலிருந்து பல ஆண்டுகள் ராஜஸ்தானுக்கு பஸ் புறப்பட்டது நம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். ஜெய்ப்பூர் ஹவுஸுக்குக் கலை வாய்த்தது.

1936-இல் கட்டப்பட்ட இந்த மாளிகையை வடிவமைத்தவர் ப்ளோம்ஃபீல்டு என்ற ஆங்கிலப் பெயர்கொண்ட கட்டடக் கலைஞர். மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிபோல் இருக்கும். நடுவில் குவிமாடம் உடல் என்றால், இரு பக்கமும் வளைந்து செல்லும் கட்டடப் பகுதிகள் சிறகுகள். 1954 மார்ச் 29 அன்று இங்கே தேசிய நவீனக் கலைக்கூடத்தைத் திறந்துவைத்தவர், நம் திருத்தணியில் பிறந்தவரும் அன்றைய குடியரசுத் துணைத்தலைவருமான டாக்டர் ராதாகிருஷ்ணன். பிரதமர் நேருவும் விழாவில் இருந்தார். முதல் பொறுப்பாளராக அமைந்தவர் ஹெர்மன் கோட்ஸ் என்ற ஜெர்மானியக் கலை வரலாற்று அறிஞர்.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் ஒன்றைக் கவனிக்கலாம். வசிப்பதற்காகக் கட்டிய அரண்மனையில் ஜன்னல்களும் கதவுகளும் அதிகம், படம் மாட்டத் தேவையான நீண்ட சுவர்கள் குறைவு. வளைந்த சுவரில் பெரிய படம் ஒட்டி உட்காராது. சேகரிப்பு பெருகப் பெருக இடம் போதாமல், பின்புறம் புதிய கட்டடம் ஒன்று எழுப்பி 2009-இல் திறந்தார்கள். இப்போது பழைய மாளிகை, புதிய கட்டடம் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

இரண்டாம் முறை: ஐந்து பழக்கங்கள்

ஒரு மாதம் கழித்து மறுபடி போனோம். இம்முறை முன்கூட்டியே சில விதிகள் வகுத்துக்கொண்டோம்.

முதல் பழக்கம்: ஐந்தே ஐந்து படைப்புகள். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். ஓர் அறையை மெதுவாகச் சுற்றிவந்து, எது நம்மை நிறுத்துகிறதோ அதன் முன் நிற்க வேண்டும். மற்றவற்றை இன்னொரு நாள் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்களுக்கு உள்ள வசதி அது. சுற்றுலாப் பயணிக்குத்தான் ஒரே நாளில் முடிக்கும் அவசரம்.

இரண்டாம் பழக்கம்: முதலில் கண், பிறகு எழுத்து. படத்தருகே உள்ள சீட்டைப் படிக்காமல் இரண்டு நிமிடம் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். எத்தனை பேர் இருக்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த நிறம் அதிகம் என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லட்டும். அமிர்தா ஷெர்கில் வரைந்த ‘பிரம்மசாரிகள்’ என்ற படத்தின்முன் இதைச் செய்து பார்த்தோம். வெள்ளை வேட்டியும் பூணூலுமாக ஐந்து இளைஞர்கள். “அஞ்சு பேருக்கும் அஞ்சு கலர், தாத்தா” என்றாள் பேத்தி. உண்மைதான். ஐந்து பேரின் தோல் நிறமும் ஒன்றுபோல் இல்லை. நான் அவளிடம் சீட்டைப் படித்துக் காட்டியிருந்தால் அதை இருவருமே கவனித்திருக்க மாட்டோம்.

சீட்டுக்கு வெளியே உள்ள கதையைப் பிறகு சொன்னேன். அமிர்தா 1913-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தை சீக்கியர், தாய் ஹங்கேரி நாட்டவர். பாரிஸில் ஓவியம் படித்துவிட்டு 1934-இல் இந்தியா திரும்பினார். 1936-ஆம் ஆண்டு இறுதியில் தெற்கே பயணம் புறப்பட்டு, அஜந்தாவையும் கொச்சி மட்டாஞ்சேரி சுவரோவியங்களையும் பார்த்து, கன்னியாகுமரி வரை சென்றார். அந்தப் பயணத்தின் பயனாக 1937-இல் பிறந்தவைதாம் ‘பிரம்மசாரிகள்’, ‘மணமகள் ஒப்பனை’ முதலிய படங்கள். 1941-இல், 28 வயதிலேயே லாகூரில் காலமானார். அவருடைய படங்கள் நாட்டின் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை. விற்பதற்காக வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல முடியாது. அப்பாவுக்கு ஒரு நாடு, அம்மாவுக்கு ஒரு நாடு, படிப்புக்கு ஒரு நாடு என்றிருந்த பெண், தெற்கே வந்து தம் பாணியைக் கண்டெடுத்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும்.

மூன்றாம் பழக்கம்: சீட்டை முழுமையாகப் படிப்பது. கலைஞர் பெயர், படைப்பின் பெயர், ஆண்டு, எந்தப் பொருளால் ஆனது என்ற நான்கு விவரங்களும் முக்கியம். கேள்விப்பட்டதை நம்புவதைவிடச் சீட்டைப் படிப்பது எவ்வளவு நல்லது என்பதற்கு மைசூரில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே 1861-இல் கட்டப்பட்ட ஜகன்மோகன் அரண்மனையும் இப்போது ஓவியக்கூடம்தான். அங்கே உள்ள, விளக்கொளியைக் கையால் மறைத்து நிற்கும் பெண்ணின் படத்தை நாட்காட்டியில் பார்க்காதவர் இல்லை. “ரவிவர்மா படம்” என்றே நம்மில் பலரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ரவிவர்மா 1906-இல் காலமானவர். அந்தப் படத்தை 1940-களில் நீர்வண்ணத்தில் வரைந்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஹல்தன்கர். மாதிரியாக நின்றவர் அவருடைய மகள். ஒரு சீட்டைப் படிக்காததால் ஒரு கலைஞரின் உழைப்பை வேறொருவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நான்காம் பழக்கம்: தொடாமல், கிட்டத்திலும் தூரத்திலும் நின்று பார்ப்பது. ஏன் தொடக்கூடாது, ஏன் அறை இருட்டாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதட்டாமல் காரணத்தைச் சொல்லுங்கள். விரலில் உள்ள வியர்வை, எண்ணெய், உப்பு ஆகியவை வண்ணத்தையும் உலோகத்தையும் அரிக்கும். வெளிச்சம் வண்ணத்தை வெளிறச் செய்யும். தாளில் வரைந்த நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்குமேல் ஒளி படக்கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். நம் வீட்டுப் படிப்பு மேஜைக்கு அதைப்போல் ஆறேழு மடங்கு வெளிச்சம் வேண்டும்.

குளிர்சாதனத்துக்கும் இதேபோல் காரணம் உண்டு. என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம், வெப்பம் 40 டிகிரி ஏறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அந்நாளில் இடைவெளி விட்டோம். ஓவியத்தில் துணி, மரச்சட்டம், வண்ணப்பூச்சு மூன்றும் வெவ்வேறு அளவில் விரியும், சுருங்கும். மே மாத வறட்சியும் ஜூலை மாத ஈரமும் மாறிமாறித் தாக்கினால் வண்ணப்பூச்சு வெடித்து உதிரும். படத்துக்கு நடுவே இடைவெளி விட முடியாது. ஆகவே அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் மாறாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் பழக்கம்: வீட்டுக்கு வந்து தமிழில் பேசுவது. இதுதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு முக்கியமானது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்ளட்டும். இரவுச் சாப்பாட்டின்போது பார்த்ததைப் பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ‘குவிமாடம்’, ‘வார்ப்பு’, ‘நெம்புகோல்’, ‘நிழல்’ போன்ற சொற்கள் அப்போதுதான் வாயில் பழகும். “பள்ளிக்கூடம் போனாயா, சாப்பிட்டாயா” என்ற இரண்டு கேள்விகளுக்குள் நம் வீட்டுத் தமிழ் சுருங்கிக்கொண்டு வருகிறது. பார்த்து வியந்த ஒன்றை விவரிக்கும்போது மொழி தானாக நீளும்.

என்னென்ன தேடலாம்?

காட்சிப் பொருள்களை அவ்வப்போது மாற்றுவார்கள். தேடிச் சென்ற படம் அன்று சுவரில் இல்லாமலும் போகலாம். ஏமாற வேண்டாம். ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், ஜாமினி ராய், நந்தலால் போஸ், ராம்கிங்கர் பைஜ் ஆகியோரின் படைப்புகள் இந்தச் சேகரிப்பில் உள்ளன.

சிறு பிள்ளைகளுக்கு நந்தலால் போஸின் ஹரிபுரா ஓவியங்கள் மிகவும் பிடிக்கும். 1938-இல் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுப் பந்தலை அலங்கரிக்க காந்தியடிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க வரையப்பட்டவை அவை. மேளம் அடிப்பவர், மல்யுத்தக்காரர், வேலை செய்யும் பெண்கள் என்று கிராமத்து மக்களே அவற்றின் நாயகர்கள்.

தென்னாட்டுத் தொடர்பு தேடுவோர் கே.சி.எஸ். பணிக்கரின் பெயரைப் பாருங்கள். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர். எழுத்தும் கணக்கும் ஜாதகக் கட்டமும்போல் தோன்றும் குறிகளைக்கொண்டு அவர் வரைந்த ‘சொற்களும் குறிகளும்’ வரிசைப் படங்களைப் பார்த்து, “இது என்ன எழுத்து?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். படிக்க வராத எழுத்து என்பதே பதில்.

அந்தக் கேள்விக்கு விடை

இனி உழைப்பாளர் சிலைக்கு வருகிறேன். அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளி. 1899-இல் பிறந்து, அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பேற்று, 1957 வரை, ஏறக்குறைய 28 ஆண்டுகள் சென்னையிலேயே இருந்தார். நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம், அவர் வடக்கிலிருந்து தெற்கே போனார். பணிக்கர் அவரிடம் பயின்றவர். மெரினாவில் உள்ள காந்தி சிலையும், டில்லியில் தண்டி யாத்திரையைக் காட்டும் ‘க்யாரா மூர்த்தி’ சிலைத் தொகுதியும் அவர் படைத்தவையே. 2016-இல் செல்லாததாக்கப்பட்ட பழைய ஐநூறு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருந்தது அந்தத் தொகுதிதான். நாம் எல்லோருமே அவருடைய கலையைச் சட்டைப் பையில் வைத்திருந்தவர்கள்.

1954-இல் இந்தக் கலைக்கூடம் திறந்தபோது நடந்த சிற்பக் கண்காட்சியில் பரிசு பெற்றது ‘உழைப்பின் வெற்றி’ என்ற இந்தப் படைப்பு. மெரினாவில் இது 1959 குடியரசு தினத்தையொட்டி நிறுவப்பட்டது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சென்னைக்கு இது பொருத்தமான சிலைதான்.

அப்படியானால் எது அசல்? இதற்கு வார்ப்புத் தொழில் தெரிய வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். இத்தகைய பெரிய வெண்கலச் சிலைகளில் முறை வேறு. சிற்பி முதலில் களிமண்ணில் உருவத்தைச் செய்கிறார். அதிலிருந்து அச்சு எடுத்து, பகுதி பகுதியாக, உள்ளே கூடாக வார்த்து இணைக்கிறார்கள். இம்முறையில் ஒரே மாதிரியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட வார்ப்புகளை எடுக்கலாம். சிற்பியின் மேற்பார்வையில் வந்த வார்ப்பு எதுவாயினும் அதை அசல் என்றே கலை உலகம் கொள்கிறது. ஒன்று முந்தி வைக்கப்பட்டிருக்கலாம், மற்றது பிந்தி வைக்கப்பட்டிருக்கலாம். அதனால் பிந்தியது நகலாகிவிடாது.

இதை நான் விளக்கியபோது பேத்தி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ ரெண்டுமே ஒரிஜினல்தான்” என்றாள். பள்ளியில், “நீ எந்த ஊர்? மதராஸா?” என்று கேட்கிறார்கள் என்றும், ஊருக்குப் போனால் அங்கே உள்ள பிள்ளைகள் “டில்லிக்காரி” என்கிறார்கள் என்றும் அவள் முன்பு ஒரு முறை என்னிடம் சொன்னதுண்டு. அன்று நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பியிருந்தேன். அதைவிட நல்ல பதிலை இந்தப் புல்வெளியில் அவளாகவே எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

எனக்கும் அந்தச் சிலை ஒன்றைச் சொல்லிற்று. 52 கிலோ தண்டவாளம் என்று நாங்கள் சொல்வது ஒரு மீட்டரின் எடை. 13 மீட்டருக்கு 676 கிலோ. இயந்திரங்கள் வராத காலத்தில் கேங்மேன்கள் கடப்பாரையைக் கொடுத்துத்தான் பாதையை நகர்த்துவார்கள். இரண்டு மீட்டர் கடப்பாரையில் 20 சென்டிமீட்டர் தள்ளி ஆதாரம் வைத்தால் ஒன்றுக்கு ஒன்பது பங்கு பலன் கிடைக்கும். ஆனால் எல்லோரும் ஒரே கணத்தில் அழுத்தினால்தான் அசையும். அதற்காகவே மேட் குரல் கொடுப்பார், மற்றவர்கள் “ஹய்யா” என்று சேர்ந்து அழுத்துவார்கள். நம் ஊர் “ஐலசா”வின் வேலையும் அதுதான்.

சிலையை உற்றுப் பாருங்கள். சிற்பி வைத்த பெயர் ‘வெற்றி’. ஆனால் பாறை இன்னும் புரளவில்லை. முதுகும் தோளும் கெண்டைக்காலும் முறுக்கேறி, நால்வரும் ஒரே குரலுக்கு ஒன்றுசேர்ந்த கணத்தைத்தான் அவர் வார்த்திருக்கிறார். அந்தக் கணத்தை நான் ரயில் பாதையில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். குடை பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “சீக்கிரம், அடுத்த வண்டி வருகிறது” என்று அவசரப்படுத்தியிருக்கிறேன். அவர்களுடைய முதுகை நின்று பார்த்ததில்லை. மகாராஜா தங்கக் கட்டிய மாளிகையின் முற்றத்தில், கோவணம் கட்டிய நான்கு உழைப்பாளிகள் இப்போது நிற்கிறார்கள். படித்தவர்களும் பெரிய பதவியில் உள்ளவர்களும் அவர்களைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். நமக்கான இடமில்லை என்று நான் 37 ஆண்டுகள் ஒதுங்கியிருந்த கட்டடத்தின் வாசலில் நின்றவர்கள் என் கேங்மேன்களே.

போகுமுன்

திங்கட்கிழமை விடுமுறை. நேரம், கட்டணம், படம் எடுக்க அனுமதி ஆகியவற்றை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பைகளைத் தவிர்த்து, ஒரு சிறு நோட்டும் பென்சிலும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். காலையில் கூட்டம் குறைவு. பெங்களூர் வாசகர்களுக்கு அங்கேயே மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் இதே கலைக்கூடத்தின் கிளை இயங்குகிறது. மும்பையில் 1996 முதல் கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. நீங்கள் தேர்ந்தெடுத்த ஐந்து படைப்புகளில் ஒன்றைப் பற்றி, படத்தைப் பார்க்காத ஒருவருக்கு விளங்கும்படி பத்து வாக்கியங்கள் தமிழில் எழுதுக.

2. ஒரு படத்தின் சீட்டிலிருந்து கலைஞர், ஆண்டு, பொருள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. அந்த ஆண்டில் உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ எந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று வீட்டில் கேட்டு எழுதுக.

3. உழைப்பாளர் சிலையைச் சுற்றி நான்கு பக்கமும் நின்று பார்க்க. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பாறை அதிகக் கனமாகத் தெரிகிறது? ஏன்?

4. இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள அரண்மனைகளில் நான்கின் பெயரும், இப்போது அவற்றில் நடக்கும் வேலையும் எழுதுக.

விடைகளைப் பெற்றோர் திருத்தலாம். மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவர்களும் உடன் வந்து, சிலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருத்த வேண்டும்.